புள்ளலூர்க் கற்களில் இல்லாத பெயர்கள்: போர் நினைவிடங்களை நாம் எப்படி வாசிக்க வேண்டும்?

காஞ்சிபுரத்துக்கு வடக்கே உள்ள புள்ளலூர் என்னும் சிற்றூரில் இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. ஒன்று கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லாப்புக்கும் மற்றொன்று லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுனுக்கும் எழுப்பப்பட்டவை. இருவரும் 1781 ஆகஸ்ட் 27 அன்று, ஐதர் அலியின் படைக்கு எதிராக சர் அயர் கூட் தலைமையில் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய போரில் மாண்ட அதிகாரிகள். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் எனக் கார்களும் கைப்பேசிகளும் உற்பத்தியாகும் தொழிற்பாதைக்கு மேற்கே, எளிதில் சென்றடையக்கூடிய தொலைவில்தான் அந்தத் தூண்கள் உள்ளன. ஆனாலும் இப்பாதையில் நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பும் பல்லாயிரம் இளைஞர்களில் மிகச் சிலரே அவற்றைப் பார்த்திருப்பார்கள்.

அந்தத் தூண்களில் சிப்பாய் ஒருவரின் பெயர்கூட இல்லை. அந்தச் சமவெளியில் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் மாண்டிருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த மண்ணில் பிறந்தவர்கள். போர் நினைவிடம் ஒன்றுக்குச் செல்வதும் போர்வீரர்களின் தியாகத்தைப் போற்றுவதும் வழக்கமான தேசபக்திச் சடங்காக முடிந்துவிடாமல் இருக்க வேண்டுமானால், கல்லில் இருப்பதைப் படிப்பதோடு கல்லில் இல்லாததையும் நாம் படிக்கப் பழக வேண்டும். அதற்கு நம் அருகிலேயே உள்ள பாடநூல் புள்ளலூர்.

புள்ளலூரில் நடந்தவை

புள்ளலூர் மூன்று போர்களுக்காக வரலாற்றில் இடம்பெற்ற ஊர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் தன் பகைவர்களை இங்கே அழித்ததாகக் காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் படையெடுப்போடு இதனை வரலாற்றாய்வாளர்கள் இணைத்துப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது போர் 1780 செப்டம்பர் 10 அன்று நிகழ்ந்தது. ஐதர் அலி கர்நாடகப் பகுதிக்குள் நுழைந்ததும், குண்டூரிலிருந்து வந்துகொண்டிருந்த கர்னல் வில்லியம் பெய்லியின் படையையும் காஞ்சிபுரத்தில் முகாமிட்டிருந்த சர் ஹெக்டர் மன்றோவின் படையையும் ஒன்றிணைக்கக் கம்பெனி திட்டமிட்டது. கொசஸ்தலையாற்று வெள்ளம் பெய்லியைப் பல நாட்கள் தடுத்து நிறுத்தியது. பேரம்பாக்கம் அருகே திப்பு சுல்தான் அவரைத் தாக்கினார். பின்னர் புள்ளலூரில் ஐதரும் திப்புவும் சேர்ந்து அந்தப் படையைச் சூழ்ந்துகொண்டனர். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட படை அன்றே அழிந்தது. பீரங்கி ஓசை கேட்கும் தொலைவில் இருந்த மன்றோ உதவிக்கு வந்து சேரவில்லை. அவர் தன் கனரகப் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

அதே களத்தில் அடுத்த ஆண்டு நடந்ததுதான், தெளிவான முடிவு ஏதுமின்றி ஓய்ந்த மூன்றாவது போர். இரண்டு தூண்களும் அந்தப் போரை நினைவுகூர்பவை.

தோற்ற பெய்லிக்கும் நினைவுச் சின்னம் உண்டு. ஸ்ரீரங்கப்பட்டினத்தில் சிறையிலேயே 1782இல் இறந்த அவருக்கு, அவருடைய உறவினர் 1816இல் அங்கே நினைவு மண்டபம் எழுப்பினார். வென்ற தரப்பும் தன் வெற்றியைப் பதிவு செய்தது. ஸ்ரீரங்கப்பட்டினத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் புள்ளலூர்ப் போர் பெரும் ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. பிடிபட்ட ஐரோப்பியர்களின் சிறை அனுபவங்கள் இங்கிலாந்தில் நூல்களாக வெளிவந்தன. வென்றவருக்கு ஓவியமும் தோற்ற தளபதிக்கு மண்டபமும் கிடைத்தன. கைதியான அதிகாரிக்குப் புத்தகம் கிடைத்தது. இரு தரப்பிலும் நின்று செத்த சிப்பாய்க்கு ஒரு செங்கல்லும் கிடைக்கவில்லை.

அந்தச் சிப்பாய்கள் யார்?

பதினெட்டாம் நூற்றாண்டுச் சென்னைப் படை, பிற்காலத்தில் சொல்லப்பட்டதுபோலக் குறிப்பிட்ட 'வீரச் சாதிகளின்' படையாக இருக்கவில்லை. முஸ்லிம்கள், தெலுங்குச் சாதியினர், தமிழ் உழுகுடியினர் ஆகியோரோடு பறையர்களும் அதில் சேர்ந்தனர். நிலவுடைமையாளரிடம் பண்ணையாட்களாகக் கட்டுண்டு கிடந்த மக்களுக்கு, மாதச் சம்பளமும் சீருடையும் தரும் படை ஊரைவிட்டு வெளியேறும் வழிகளுள் ஒன்றாக இருந்தது.

பெய்லியின் படை அழிந்த இருபதாம் நாள், அதாவது 1780 செப்டம்பர் 30 அன்று, சென்னைக் கோட்டையில் லெப்டினன்ட் ஜோசப் மூர்ஹவுஸ் இரண்டு பயனியர் கம்பெனிகளைத் திரட்டினார். பாதை வெட்டுவதும், பாலம் கட்டுவதும், அகழி தோண்டுவதும், முற்றுகையில் முதலாளாகச் சுவரை நெருங்குவதும் அவர்களுடைய வேலை. அந்தப் படைதான் வளர்ந்து மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆனது. இன்று பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பாக இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அதில் பறையர்கள் பெரும் எண்ணிக்கையில் பணியாற்றினர். மண்ணைத் தொடும் வேலை இழிவென்று கருதிய சாதியச் சமூகத்தில், அதே வேலையைச் செய்தவர்களின் தோள்மீதுதான் அந்தப் படைப்பிரிவின் புகழ் எழுந்தது.

சிப்பாய்களுக்கும் கீழே இன்னொரு கூட்டம் இருந்தது. மாட்டு வண்டி ஓட்டியவர்கள், டோலி சுமந்தவர்கள், புல் அறுத்தவர்கள், துப்புரவு செய்தவர்கள், பீரங்கி இழுத்தவர்கள். அக்காலப் படை ஒவ்வொன்றோடும் போர்வீரர்களின் எண்ணிக்கையையே மிஞ்சும் அளவுக்கு இத்தகையோர் நடந்து சென்றனர். இறந்தோர் பட்டியலில் அவர்கள் எண்ணாகக்கூட இடம்பெறுவது அரிது. அந்தப் போரின் விளைவாக 1782இல் சென்னையைச் சூழ்ந்த பஞ்சத்தில் மாண்ட சேரி மக்களுக்கும் இதே நிலைதான்.

கல் எப்போதும் இப்படித்தான் பேசியதா?

அந்தக் காலத்தில் சாதாரண வீரனின் பெயரைக் கல்லில் பொறிக்கும் வழக்கமே இல்லை என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். தமிழ் நிலத்தின் சான்றுகள் அதற்கு நேர்மாறாக உள்ளன. செங்கம், தருமபுரிப் பகுதிகளில் கிடைத்துள்ள நடுகற்கள், ஆநிரை மீட்கும் பூசலில் பட்ட சாதாரண மனிதர்களைப் பெயரோடும் ஊரோடும் குறிப்பிடுகின்றன. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல், புள்ளலூரில் வென்ற அதே மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, அவனுடன் நின்று போரிட்ட கோவிவன் என்ற நாயின் பெயரும் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரைக் காக்கத் தெரிந்த நிலம் இது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான மனிதர்களின் பெயர் காணாமல் போனதற்குக் கல்லின் பற்றாக்குறை காரணமில்லை. யாருடைய சாவு கணக்கில் வரும் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதே காரணம்.

இருபதாம் நூற்றாண்டிலும் இந்தப் பாகுபாடு தொடர்ந்தது. சென்னையிலிருந்து பூந்தமல்லி நோக்கி வரும் வழியில், நந்தம்பாக்கத்தில் உள்ள மெட்ராஸ் போர்க் கல்லறையைக் காணலாம். இரண்டாம் உலகப் போரில் இறந்த எண்ணூறுக்கும் மேற்பட்டோரின் கல்லறைகள் அங்கே ஒரே அளவில், ஒரே வடிவில் வரிசையாக நிற்கின்றன. பதவி, வர்க்கம், மதம் எதுவாயினும் சாவில் அனைவரும் சமம் என்பதே அதனைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் கொள்கை. ஆனால் 2021 ஏப்ரலில் அந்த ஆணையமே வெளியிட்ட அறிக்கை, இந்தக் கொள்கை முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்கப் படையினருக்குப் பின்பற்றப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர். மேலும் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, அல்லது எவ்வகையிலும் நினைவுகூரப்படாமலே போயிருக்கலாம். ஈராக்கின் பஸ்ரா நினைவிடத்தில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. பதவியில் கீழிருந்த இந்திய வீரர்கள் படைப்பிரிவு வாரியாக வெறும் எண்ணிக்கையாகக் குறிக்கப்பட்டனர். மெட்ராஸ் சாப்பர்ஸ் கம்பெனிகள் போரிட்ட மெசபடோமியக் களத்துக்கான நினைவிடம் அது. இதற்காகப் பிரிட்டிஷ் அரசு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. நூறாண்டு கடந்து கேட்கப்பட்ட மன்னிப்பு அது.

இந்தப் பின்னணியில்தான் மராட்டியத்தின் பீமா கோரேகான் தூண் எவ்வளவு அரியது என்பது விளங்கும். 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வாவின் பெரும்படையைக் கம்பெனியின் சிறுபடை எதிர்த்து நின்ற இடம் அது. சென்னைப் பீரங்கிப் படையின் சிறு பிரிவொன்றும் அங்கே போரிட்டது. 1821இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்தத் தூணில் மாண்ட சிப்பாய்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. அவற்றுள் 22 பெயர்கள் 'நாக்' என்னும் விகுதி கொண்டவை; மகர்கள் என்று அந்த விகுதியே அடையாளம் காட்டியது. பெயர் எழுதப்பட்டிருந்ததால்தான் பிற்காலத்தில் ஒரு சமூகம் அதைப் படித்துத் தன் முன்னோரைக் கண்டெடுக்க முடிந்தது. 1927 ஜனவரி 1 அன்று அண்ணல் அம்பேத்கர் அங்கே சென்றார். அதே ஆண்டு மார்ச்சில் மகாத் சவுதார் குளத்து நீரைப் பருகும் போராட்டம் நடந்தது. கல்லில் இருந்த பெயர் குளக்கரைக்கு நடந்துசென்றது என்றே நாம் அதைப் புரிந்துகொள்கிறோம். புள்ளலூரில் அத்தகைய பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தால் செங்கல்பட்டு மாவட்டத்துச் சேரிகள் எத்தகைய வரலாற்று நினைவோடு வளர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

கம்பெனியின் வெற்றியையா கொண்டாடுவது?

இந்த இடத்தில் நியாயமான ஒரு கேள்வி எழுகிறது. கம்பெனிப் படை இந்நாட்டை அடிமைப்படுத்திய படை. அதில் இருந்தவர்களைப் போற்றுவது ஏகாதிபத்தியத்தைப் போற்றுவதாகாதா? பீமா கோரேகானில் கூடும் மக்களை நோக்கி ஒவ்வோர் ஆண்டும் வீசப்படும் கேள்வியும் இதுதான். 2018இல் இருநூறாம் ஆண்டு நிகழ்வின்போது வன்முறையாகவும் அது வெளிப்பட்டது.

அம்பேத்கர் இதற்கு இரு முனைகளிலும் கூரான விடை வைத்திருந்தார். கம்பெனியின் வெற்றியில் தீண்டப்படாத மக்களின் பங்கை அவர் மறைக்கவில்லை. பிளாசி முதல் கோரேகான் வரை அவர்கள் நின்றதை எடுத்துக்காட்டினார். அதே மூச்சில், அந்த மக்களுக்குப் பிரிட்டிஷ் ஆட்சி என்ன செய்தது என்றும் கேட்டார். கிணறும் கோயிலும் பள்ளியும் பழையபடியே அடைபட்டுக் கிடந்தன. படையின் கதவும் அடைக்கப்பட்டது. 1857க்குப் பிறகு சில சாதிகள் மட்டுமே போருக்குப் பிறந்தவை என்ற கோட்பாடு வலுப்பெற்றது. சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்து பின்னர் இந்தியத் தலைமைத் தளபதியான லார்டு ராபர்ட்ஸ் அதன் முதன்மைப் பரப்புரையாளர். 1890களின் தொடக்கத்தில் மகர்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. கோபால் பாபா வலங்கர் அதை எதிர்த்து மனு எழுதினார். சென்னைப் படையின் காலாட்பிரிவுகளும் தொடர்ந்து கலைக்கப்பட்டன. மெட்ராஸ் பயனியர்கள் 1933இல் கலைக்கப்பட்டனர். தேவைப்பட்டபோது உயிரைக் கேட்டவர்கள், தேவை தீர்ந்தபோது 'நீ வீரன் அல்ல' என்றனர்.

ஆகவே, நாம் போற்றுவது கம்பெனியின் கொடியை அல்ல. ஐதரின் தரப்பில் மாண்ட பெயரற்றவர்களும் நம் மரியாதைக்கு உரியவர்களே. பிறப்பால் கோழைகள் என்றும், ஆயுதம் ஏந்தத் தகாதவர்கள் என்றும் தீர்ப்பெழுதப்பட்ட மக்கள் போர்க்களத்தில் நின்றார்கள் என்ற உண்மையை நிலைநிறுத்துகிறோம். அந்த உண்மை சாதியத்தின் அடிப்படைப் பொய் ஒன்றை உடைக்கிறது. எங்கள் சாதியே வீரச் சாதி என்று போட்டிக்குப் பெருமை பேசுவது அதே பொய்யை மறுபடி கட்டியெழுப்புவதாகும். அந்த வலையில் நாம் விழக் கூடாது.

பெயர் கிடைத்தவரும் கிடைக்காத மரியாதையும்

இந்தத் தொழிற்பாதையின் தெற்கு முனையில், வாலாஜாபாத் பகுதியில் உள்ளது கீழ் ஒட்டிவாக்கம். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியன் பிறந்த ஊர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தபோது, வெடிக்கவிருந்த கண்ணியின் மீது அவர் தன் உடலைக் கிடத்தி உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்நீத்தார். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர். இத்தாலியின் சாங்ரோ ஆற்றுத் தகன நினைவிடத்தில் அவருடைய பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. பிறந்த மாவட்டத்தின் கல்லூரிகளில் எத்தனை மாணவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும்?

விடுதலைக்குப் பின் நிலைமை ஓரளவு மாறியது. 2019 பிப்ரவரி 25 அன்று தில்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தில், 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பதவி வேறுபாடின்றிப் பொறிக்கப்பட்டுள்ளன. கல்லில் சமத்துவம் வந்துவிட்டது. ஊரில் வந்ததா என்பதுதான் கேள்வி.

2016 ஜூனில் காஷ்மீரின் பாம்பூரில் மத்திய ரிசர்வ் காவல் படையினர் எட்டுப் பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத் மாவட்டத்தைச் சேர்ந்தவர். நட் என்னும் பட்டியல் சாதியில் பிறந்தவர். அவருடைய உடலைப் பொது நிலத்தில் எரியூட்ட ஊரின் ஆதிக்கச் சாதியினர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதிகாரிகள் பேச்சுவார்த்தை நடத்திய பிறகே சிறு துண்டு நிலம் கிடைத்தது. தமிழ்நாடு இதற்கு விலக்கல்ல. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் பாதை மறுக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். தேசியக் கொடி போர்த்திய உடலானாலும் இல்லாவிட்டாலும், இறுதிப் பயணத்தின் பாதையைச் சாதி முடிவு செய்யும் நாட்டில் இருந்துகொண்டுதான் நாம் தியாகத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

மரியாதைக்கு நிலம் என்றொரு பொருளும் உண்டு. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர், இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையை ஆராய்ந்து 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 செப்டம்பர் 30 அன்று பஞ்சமி நிலத்துக்கான அரசாணை பிறந்தது. அதே மாவட்டத்தின் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய மக்கள் மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தனர். நிலத்தின் விலை ஏக்கருக்குக் கோடிகளில் பேசப்படும் இன்றைய தொழிற்பாதையில், இந்த மண்ணுக்காக உயிர் கொடுத்தவர்களின் வழிவந்தோருக்கு அதில் எவ்வளவு மிஞ்சியது என்று கேட்பதும் வீரர்களைப் போற்றுவதன் ஒரு பகுதிதான்.

சாதியின் பிடியிலிருந்து வெளியேறும் வழியாகப் படையைப் பார்க்கும் இளைஞர்கள் இன்றும் உண்டு. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி, நான்கு ஆண்டுப் பணிக்குப் பிறகு அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே நிரந்தரமாக்கப்படுவர். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வாயிலுக்கு வெளியே நிற்கும் தொழிலாளியை ஒரகடம் நன்கு அறியும். தேவை தீர்ந்ததும் கைவிடப்பட்ட 1890களின் சிப்பாயை வரலாறு அறியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவர்கள் நாம்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, புள்ளலூருக்குக் குழுவாகச் செல்வோம். செப்டம்பர் 10 அதற்கு ஏற்ற நாள். தூணில் உள்ள பெயர்களை உரக்கப் படித்த பிறகு, இங்கே யார் பெயர் இல்லை என்ற கேள்வியை அங்கேயே விவாதிப்போம். இரு தரப்பிலும் மாண்ட சிப்பாய்களையும் பணியாட்களையும் குறிப்பிடும் தமிழ்ப் பலகை ஒன்றை அங்கே வைக்குமாறு ஊராட்சியிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் முறையாக மனு அளிப்போம்.

இரண்டாவது, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தரவுத்தளத்தில் எவரும் கட்டணமின்றித் தேடலாம். இந்திய வீரர் பலரின் பதிவில் தந்தை பெயர், ஊர், மாவட்டம் ஆகியவை உள்ளன. செங்கல்பட்டை 'சிங்கில்புட்' என்று பழைய ஆங்கில எழுத்துமுறையில் இட்டுத் தேட வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் தன் சுற்றுவட்டார ஊர்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்தாலே போதும். பல குடும்பங்களுக்குத் தங்கள் தாத்தாவின் பெயர் எந்த நாட்டுச் சுவரில் இருக்கிறது என்பது தெரியவரும்.

மூன்றாவது, சேரிகளில் வாழும் ஓய்வுபெற்ற படையினரின் நினைவுகளைப் பதிவு செய்வோம். பணி விடுப்புச் சான்று, ஓய்வூதியப் புத்தகம், பழைய புகைப்படம் எல்லாம் ஆவணங்களே. ஊருக்குத் திரும்பியபின் அவர்கள் எந்தத் தெருவில் நடக்க முடிந்தது, எந்தத் தேநீர்க் கடையில் எந்தக் குவளையில் குடிக்க நேர்ந்தது என்பதையும் கேட்டு எழுதுவோம். தங்கள் ஊரின் சுடுகாட்டுப் பாதையும் நில ஆவணமும் எந்த நிலையில் உள்ளன என்பதையும் அதே குறிப்பேட்டில் சேர்ப்போம்.

மாலை வைப்பதும் தலை வணங்குவதும் எளிது; அவற்றைச் செய்வதில் தவறும் இல்லை. எனினும், களத்தில் மாண்டவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் அவற்றால் தீராது. அவர்களுடைய பெயர்களைத் தேடி எழுதுவதும், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பொதுப் பாதையில் பிணம் சுமந்து செல்லவும் சொந்த நிலத்தில் காலூன்றி நிற்கவும் போராடுவதுமே அந்தக் கடனைத் தீர்க்கும் வழி.